முகம் இல்லாத காவலன்

ராஜா உடம்பில் தலைவர் தலையை ஒட்டும்போது கழுத்துதான் தொந்தரவு. இணையத்தில் கிடைக்கிற ராஜாக்கள் எல்லாரும் ஒல்லி. நம் ஆட்களுக்கோ கழுத்தே கிடையாது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கடை வைத்த நாளிலிருந்து எல்லாக் கட்சிக்காரருக்கும் கவசம் மாட்டிவிட்டிருக்கிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போக மீதியெல்லாம் முடிசூட்டு விழாதான். சிரித்துக்கொண்டே செய்கிற வேலை.

எங்கள் பக்கத்துத் தலைவர் ஒருவர், பதவியைச் சொல்ல மாட்டேன், ஊரடங்கில் அடைந்து கிடந்தபோது ஒரு மாயாஜால நாவலைப் பிடித்துக்கொண்டார். ஆறு பாகம். நாடிழந்த ஓர் அரசன், அவனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சத்தியம் செய்த ஐந்து காவலர்கள், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கோட்டை. ஐவரில் ஒருவன் துரோகி என்று நான்காம் பாகத்தில் தெரியவரும். அவனைக் கடலுக்குக் கொடுத்துவிடுவார்கள். நானும் சோறு தண்ணீர் மறந்து படித்தவன்தான். ஆனால் புத்தகத்தை மூடியதும் எனக்குக் கதை முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை.

அவர் பின்னால் சுற்றுகிற இளைஞர்கள் செல்போனில் அந்தக் கதையைக் கேட்க ஆரம்பித்தார்கள். கூட்டங்களில் கதைக் காவலர்கள் மாதிரியே கறுப்புச் சட்டையோடு வந்து சத்தியம் செய்தார்கள். தலைவர் தனக்கென்று ஐந்து காவலர்களை அறிவித்தார். அதில் ஒருவர் என் தங்கையின் கணவர். படாளத்தில் கொஞ்சம் நிலம், ஒரு லோடு வண்டி. தலைவர் சைக்கிளில் போய் போஸ்டர் ஒட்டிய காலத்தில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர். இரும்புத் தொப்பி போட்ட மாதிரி ஒரு படம் செய்து தரச் சொல்லி, கூடத்தில் மாட்டிவைத்தார். “இந்த மூஞ்சிக்கு இது ஒண்ணுதாண்ணா கொறச்சல்” என்றாள் தங்கை. மூன்று பேரும் சிரித்தோம்.

சிரிப்பு எனக்கு நின்றது ஒரு காலை வேளையில். பேனர் கொடுக்கத் தலைவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படாளம் பக்கத்து விவசாயிகள் சிலர் வந்து, ஏரி மதகு உடைந்து கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றார்கள். அவர் மதகு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

“உங்கள யாரு அனுப்புனது?” என்றார்.

“யாரும் அனுப்பலங்க. தண்ணி வரல.”

அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் புரிந்த மாதிரி சிரித்தார்கள். அந்த நாவலில் யாருமே தானாக வருவதில்லை. எவன் வந்தாலும் யாரோ அனுப்பி வந்தவன், காக்கா கத்தினால்கூடக் கோட்டையிலிருந்து சேதி. தண்ணீர் வராததால் வந்த மனிதனுக்கு அந்தக் கதையில் இடம் இல்லை.

கொஞ்ச நாளில் அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு: கதையில் ஐவரில் ஒருவன் துரோகி என்றால் நம் ஐவரில் யார்? துரோகம் நடந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளைத்தான் தேடினார்கள்.

பிறகு அந்த ஆர்டர் வந்தது. தலைவர் நடுவில், சுற்றி ஐந்து காவலர்கள். நான்கு பேர் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

“அஞ்சாவது ஆளுக்கு மூஞ்சி வேணாம் அண்ணாத்த. ஒடம்ப மட்டும் வையி. மூஞ்சி அப்பால வரும்” என்றான் வந்தவன்.

விடுபட்டது யார் என்று பார்க்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. என் தங்கை மாப்பிள்ளை.

நேராகப் படாளம் போய்க் கேட்டேன். மதகு விஷயமாக எதிர்க்கட்சி வார்டு உறுப்பினரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் வேலை நடக்கும் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். யாரோ படம் எடுத்துவிட்டார்கள். கதையில் துரோகியும் இப்படித்தான் எல்லைச் சத்திரத்தில் எதிரியோடு உட்கார்ந்து குடிப்பான்.

மறுநாள் தலைவரைப் பார்த்தேன். என்னிடம் ஒரே ஒரு துருப்புச் சீட்டுதான் இருந்தது.

“கடைசி பாகத்துல அந்தக் காவலன் நிரபராதின்னு வருதே, தலைவரே. ராஜாதான் தப்பா நெனச்சிட்டாருன்னு.”

“அந்தப் பாகத்த நம்ம பசங்க யாரும் ஒத்துக்கறதில்ல நைனா” என்றார், அன்பாகவே. “எழுதுனவன் கடசீல பயந்துட்டான்.”

படிக்காதவராக இருந்திருந்தால் படிக்கச் சொல்லியிருக்கலாம். அவர் படித்திருந்தார். பேனரை நான் அடிக்கவில்லை. வேறு கடையில் அடித்து, ஐந்தாவது உடம்பில் வேறொருவன் முகத்தையும் ஒட்டிக்கொண்டார்கள்.

திருவிடந்தை கடற்கரையில் சத்தியப் பெருவிழா என்று அறிவித்தார்கள். “மாப்ள, நீ போவாத. எங்கனா லோடு எடுத்துகினு போயிடு” என்று கெஞ்சினேன்.

“போவலன்னாதான் மச்சான் நெஜமாயிடும்” என்றார். கறுப்புச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

நானும் கூடப் போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம், எல்லார் கையிலும் தூக்கிப் பிடித்த போன். மாப்பிள்ளையைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்தினார்கள். தலைவர் ஒரு வெள்ளி வாளை அவர் தோளில் வைத்தார். கரையிலிருந்து ஒருவன் “கடலுக்கு” என்றான். பிறகு எல்லாரும் சொன்னார்கள், மெதுவாக, ஒரே தாளத்தில்: கடலுக்கு, கடலுக்கு. ஒவ்வொரு தடவைக்கும் கூட்டம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. நான் மனிதர்களைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளால் தடுத்தான். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

தலைவர் கையை உயர்த்தினார். சத்தம் நின்றது. மாப்பிள்ளை வாய்க்கு நேராக மைக்கை நீட்டினார்கள்.

“தப்பு பண்ணிட்டேன் தலைவரே. மன்னிச்சிருங்க.”

தலைவர் வாளைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். கரையில் எல்லாரும் அழுதார்கள், நடிப்பில்லாமல் தேம்பித் தேம்பி. என்னைத் தடுத்தவன் என் தோளிலேயே சாய்ந்து அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை வாசலில் நின்று காலில் ஒட்டிய மணலைக் கழுவினார். தங்கைக்கு விஷயம் அதற்குள் போனிலேயே வந்துவிட்டிருந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தபடியே கேட்டாள்: “அப்டி இன்னாதான்யா தப்பு பண்ண நீ?”

அவர் உண்மையாகவே யோசித்தார்.

“தெரில. எதனா பண்ணியிருப்பேன் போலக் கீது. இல்லன்னா இத்தினி பேரு சொல்வாங்களா?”