தார் டிரம்மில் வளர்த்த மூங்கில்

மூங்கிலை டிரம்மில் நட்டால் அது கைதி மாதிரி உள்ளேயே கிடக்கும் என்று நம்பிய முட்டாள் நான். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் உளி வைத்து ஏழு ஓட்டை போட்டேன். அதாவது, கைதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் நானே.

எழுபதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். மஞ்சள் மூங்கில் கன்று கொடுத்த கிள்ளான் நண்பர் படித்துப் படித்துச் சொன்னார்: "மண்ணு மேல வைக்காத. அடியில செங்கல் குடு. மாசா மாசம் டிரம்ம திருப்பி, வெளிய வர்ற வேர வெட்டிரு."

"சரி லா, சரி லா" என்றேன்.

ஈர மண் நிறைந்த டிரம்மைத் திருப்ப நாலு ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது நானும் என் தொந்தியும்தான். இரண்டு வருஷம் அது அசையவே இல்லை. மூங்கில் கூரை உயரம் போனதைப் பார்த்து, நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் விரிசல் கண்டேன். மண்ணைத் தோண்டினேன். ஓட்டைகளில் புறப்பட்ட கிழங்கு கட்டைவிரலைவிடத் தடிமனாக, சுவருக்கு அடியில் நுழைந்திருந்தது. அரிவாளால் வெட்டினேன். ஆனால் அந்தப் பக்கம் போனதை எப்படி வெட்டுவது?

அந்தப் பக்கம் இருந்தவர் எங்கள் ஆபீஸ் பெரிய கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். சாக்கடை அடைத்தாலும் குவார்ட்டர்ஸ் பிரிவுக்கு டைப் அடித்துக் கடிதம் போடுகிறவர். பின் வரிசையில் ஒருவர் கேட்காமல் ஒரு கொட்டகை போட்டார். இவர் கடிதம் போனது. ஒரே மாதத்தில் அந்தக் குடும்பம் சாமான்களோடு லோரியில் ஏறியது. எனக்கு மூன்று பிள்ளைகள். வாடகை வீட்டுக்கு எங்கே போவேன்?

அன்றிலிருந்து அவர் வீட்டில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டாலே போதும், சாப்பாட்டுத் தட்டோடு சுவரில் காதை வைத்து நிற்பேன். "சுவரையும் பெசஞ்சு சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

புதன்கிழமை சாயங்காலம் சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"தம்பி, ஒருக்கா இங்கால வாரும்."

சுற்றிக்கொண்டு போனேன். குளியலறைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிமெண்டைப் பிளந்துகொண்டு ஒரு சாண் உயரத்துக்கு மூங்கில் குருத்து.

"இது என்ன காணும்?"

"ஏதோ காட்டுச் செடி சார். மழை காலத்துல வரும்."

அவர் ஜன்னல் வழியாக என் மூங்கிலைப் பார்த்தார். பிறகு குருத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"என்னோடதுதான் சார்" என்று கொட்டினேன். "நாளைக்கே டிரம்மோட தூக்கிடறேன். உங்க தரைய நானே பூசித் தரேன், சுவரையும் கட்டித் தரேன். மூணு பிள்ளைங்க சார்... லெட்டர் மட்டும் எழுதிடாதீங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"காலமையே தபாலில போட்டிட்டன்."