அந்தச் சலான் வேற, இந்தச் சலான் வேற

பிசிர் வெட்டும் வேலையில் கத்திரி மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். வண்டி நின்றால் ஒன்பது வீட்டில் கை நின்றுபோகும். தைத்து வந்த பனியனில் தொங்கும் நூல் நுனிகளைக் கத்தரிப்பதுதான் பிசிர் வெட்டுவது. கம்பெனியிலிருந்து மூட்டையை மொபெட்டில் ஏற்றி, அனுப்பர்பாளையத்தைச் சுற்றி ஒன்பது பெண்களின் வீடுகளில் கொடுத்து, முடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. பழைய வண்டி வைத்துக்கொண்டு, தூரத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே வேறு சந்தில் வண்டியைத் திருப்புகிற சகோதர சகோதரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எலுமிச்சம்பழம்

அன்று காலை பத்து மணி இருக்கும். முடித்த இரண்டு மூட்டையோடு, "அவிநாசியப்பா, கூடவே வா" என்று சாமியிடம் சொல்லித்தான் கிளம்பினேன். பாலத்துக்கு அடியில் ஒரு எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தினார். என் மகன் வயதுதான் இருக்கும். ஹெல்மெட் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஆர்.சி. இருந்தது. கையிலிருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வண்டி போய்விடுமே என்பதைவிட, இது பெங்களூரில் இருக்கும் மகன் காதுக்குப் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். 'இந்த வயசுல மூட்டை சுமக்கோணுமா? வண்டிய வித்துட்டு இங்க வந்துரு' என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும், என் வேலை அன்றோடு சரி.

வண்டியின் முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை எஸ்.ஐ. விரலால் தட்டிப் பார்த்தார். எப்போது கட்டியது என்று கேட்டார். "அமாவாசைக்கு அமாவாசை தவறாம மாத்திருவனுங்க சார்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"பழத்த மாசாமாசம் மாத்துறீங்க, இன்சூரன்ஸ வருசத்துக்கு ஒருக்கா மாத்த முடியலையாம்மா?"

சலான்

அடுத்து அவர் கேட்டார்: "ஏற்கெனவே இந்த வண்டிக்குச் சலான் வந்திருக்கே, பாக்கலையா?"

"பாக்காம எடுப்பனுங்களா" என்று பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் சலான் என்றால் மூட்டையோடு வரும் சீட்டு. எத்தனை பீஸ், என்ன கலர் என்று அதில் எழுதியிருக்கும். "இருநூறு பீஸுங்க சார், எண்ணிப் பாத்துக்குங்க." அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது இல்லம்மா. போன்ல வந்தது."

அப்போதுதான் விளங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. நான் படித்தது எட்டாவது. எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் சலான் என்ற ஒரு வார்த்தைதான் தெரிந்தது. இனி சீட்டு போனிலேயே வரும்போல என்று நினைத்து, கம்பெனி ஸ்டோர்கீப்பருக்குப் போன் போட்டேன். "சலான் வந்துருச்சுங்க, மூட்டை எங்கீங்க?" அவர் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார். "வந்துட்டே இருக்குதுங்க அக்கா" என்றார். நானும் இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மறந்துபோனேன். இதை மறைக்காமல் சொன்னேன். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் திரும்பி நின்று சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

"அம்மா, உங்க கம்பெனி சலான் அனுப்புனா பனியன் வரும், நாங்க அனுப்புனா ஃபைன் வரும்."

டவுன் பஸ்

வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மூட்டைகளை மட்டும் இறக்கிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் பேக்கிங் மேசைக்குப் போகவேண்டிய சரக்கு. தவறினால் அடுத்த மூட்டையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. குழந்தைகள் பனியன் என்பதால் கனம் அதிகமில்லை. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வந்த டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி கேட்டுக்கொண்டே முடிச்சைத் தளர்த்தி ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எனக்காக வருத்தப்பட்டு ஏதோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். கைப்பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்தாள்.

"ஏனுங்கக்கா, கழுத்துப் பட்டியில ஒரு பிசிர் நிக்குது பாருங்க."

ராத்திரி பன்னெண்டு

பனியன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து நேராக இன்சூரன்ஸ் ஆபீஸ். முன்பு போட்டுக்கொடுத்த ஆள் தன் போன் நம்பரையே எழுதியிருந்திருக்கிறார். ஞாபகப்படுத்தும் மெசேஜ் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. இந்த முறை என் நம்பரைச் சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். விட்டுப்போன பாலிசி என்பதால் இன்றைக்குக் கட்டினாலும் ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகுதான் செல்லும் என்றார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷனில் பழைய சலானையும் சேர்த்து ஃபைனைக் கட்டி, பேப்பரை நீட்டினேன். எஸ்.ஐ. மேலாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. "இது நாளைக்குத்தானுங்க ஆரம்பம். காலையில வந்து எடுத்துக்கறேன்" என்றேன். "புடிச்ச நானே சொல்றேன், எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். "அடுத்த ரோட்டுல நிக்கறது நீங்க இல்லியே கண்ணு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"ஸ்டேஷன்லயே வண்டி இருக்கட்டும்னு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா."

ஒரு வருசம்

பெருமாநல்லூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் புது மூட்டையை ஏற்றும்போது மகன் கூப்பிட்டான். "எல்லாம் கேள்விப்பட்டேன். போதும்மா, வித்துரு."

எப்போதும் இந்த இடத்தில் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அன்று மாற்றவில்லை. "விக்கறதில்ல சாமி. தப்பு என்னுது, ஃபைன் கட்டிட்டேன். ஒம்பது ஊட்டுல கத்திரியோட உக்காந்திருக்காங்க. எனக்கு முடியலைன்னா நானே சொல்லுவேன், நீ சொல்ல வேண்டாம். அதுமில்லாம ஒரு வருசத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு, வித்தா வீணாத்தானே போகும்?" காசு வீண் என்றதும் மகன் குரல் இறங்கியது.

"சரி, அது முடியற தேதியச் சொல்லு, என் போன்லயும் போட்டு வெக்கறேன்."

அன்று முதல் எல்லாப் பேப்பரும் பையில் தயாராக இருக்கிறது. ஒரு போலீஸ்காரரும் கையைக் காட்டுவதில்லை என்பதுதான் எனக்கு இப்போது இருக்கும் ஒரே வருத்தம்.