சங்கு ஊதினால் நிற்கிறவர்

பெரியப்பாவை உருக்காலையில் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் தூக்க வேண்டியதைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கை காட்டுவது அவர் வேலை. ஆலை மூடியது. ஊர் பாதி காலியானது. பிறகு அதே கொட்டகைக்கு வெள்ளையடித்து, உள்ளே கம்ப்யூட்டர்களை அலமாரி அலமாரியாக அடுக்கி, டேட்டா சென்டர் என்றார்கள். நகரம் மறுபிறவி எடுத்துவிட்டதாக வாசலில் பெரிய பலகை. அதில் சிரிக்கிற முகங்களில் ஒன்று பெரியப்பாவுடையது. பழைய ஆட்களுக்கும் வேலை தருகிறோம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமே.

அவர் அங்கே காவல். நான் ஒயர் இழுக்கிறேன். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வியர்த்த இடத்தில் இப்போது ஒரு ஷிப்டுக்கு இரண்டு மூன்று பேர்தான். எப்போதும் குளிர். யாரோ மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பதுபோல, விடாமல், ஓர் இரைச்சல்.

தீப்பிடித்தால் அங்கே தண்ணீர் அடிக்க முடியாது. சங்கு ஊதும். அரை நிமிஷத்தில் வெளியே போய்விட வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ளும், கூரையிலிருந்து வாயு இறங்கும்.

"அதுல நெருப்புக்கும் மூச்சு கிடைக்காது, நமக்கும் கிடைக்காது" என்றார் அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பான மேடம். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

முதல் ஒத்திகையில் எல்லோரும் ஓடினோம். பெரியப்பா நின்றார். தலை குனிந்து, கண்ணை மூடி, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு.

"என்னங்கய்யா, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்று மேடம் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது ஒத்திகையிலும் நின்றார். மேடம் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை நின்னீங்கன்னா உள்ளே விட மாட்டேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்குக் காரணம் தெரியும். உருக்காலையில் சங்கு ஊதினால், தலைக்கு மேல் கிரேனில் உருகிய எஃகு நிரம்பிய கொப்பரை போகிறது என்று அர்த்தம். அவரவர் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் பொறி கண்ணில் விழும். சங்கு ஓய்ந்தாலும் நகரக் கூடாது. தள்ளி நிற்கிற ஒருவன் "தாண்டிடுச்சு!" என்று குரல் கொடுத்த பிறகுதான் காலை எடுக்கலாம். ஒரு நாள் ஒருவர் ஓடினார். கொப்பரை போன வழியிலேயே ஓடினார். அது தளும்பியது. அவர் என் அப்பா. பெரியப்பா அன்று பத்தடி தள்ளிக் கண்ணை மூடி நின்றிருந்தார்.

"மேடம்கிட்ட சொல்லிடலாமா பெரியப்பா?"

"சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த ஊர்ல வேற எவன்டா என்னை உள்ளே விடுவான்?"

பெரியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். குக்கர் விசில் வந்ததும் பெரியப்பா வாசலுக்கு ஓட வேண்டும்.

"ஓடி எங்கடி போக?"

"கடைக்குப் போங்க. சக்கரை தீந்துபோச்சு. இப்படியாவது வீட்டுக்கு ஒரு வேலை ஆகட்டும்."

ஓடினார். பழகியும் விட்டார். குக்கர் சங்கில்லை என்று நான் சொல்லவில்லை.

போன வாரம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சங்கு ஊதியது. பழைய உத்தரத்தில் படிந்திருந்த இரும்புத் தூசி சென்சாரில் உதிர்ந்ததாம். அது பிறகுதான் தெரிந்தது. நான் கதவைப் பார்த்து ஓடினேன். அலமாரிகளுக்கு நடுவே பெரியப்பா நின்றிருந்தார். தலை குனிந்திருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பற்றினார். கொக்கி என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

"அசையாதேடா தம்பி."

என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

சிவப்பு விளக்கு சுழன்றது. கதவு நகரத் தொடங்கியது. இழுத்தேன், கத்தினேன், அவர் கையைக் கடித்தேன். பிடி இறுகியது. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"தாண்டிடுச்சு!"

அலறியது நான்தான். எனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

கண் திறந்தது. மறு கணம் என்னை இழுத்துக்கொண்டு அவர்தான் ஓடினார். கதவு இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்து வெளியே விழுந்தோம். பின்னால் சீறல் கேட்டது.

வெளியே நின்றிருந்த மேடம் கைதட்டினார். "பாத்தீங்களா, இந்தத் தடவை ஐயா ஓடி வந்துட்டாரு!"

அன்று சாயங்காலம் வீட்டில் பெரியப்பா டீயைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமா."

"என் பக்கம் நாளைக்கு வேற யாரும் இல்லை. மிஷினுங்கதான்."

"போகாதீங்க பெரியப்பா."

"வாசல்ல என் மூஞ்சி தொங்குதுடா."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. "ஓடுங்க, ஓடுங்க" என்று பெரியம்மா சிரித்தார். பெரியப்பா ஓடவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். தலை குனிந்தது. கண் மூடியது. கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

நான் எழுந்து அறையின் அந்தக் கோடிக்குப் போய், "தாண்டிடுச்சு" என்றேன்.

"இன்னும் சத்தமா" என்றார், கண்ணைத் திறக்காமல்.