பெயர் கேட்கும் செடி

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் குரங்கணி மலையில் மூலிகை பறித்துத் தந்தவருக்கு ஒரு கண் வெளுத்திருக்கும். யாருக்கு மருந்து என்று செடியிடம் பெயர் சொல்லாமல் வேரைத் தொடமாட்டார்.

"புற்றுநோய் வராமத் தடுக்குதான்னு எலிக்குக் கொடுத்துப் பார்க்கத்தாண்ணே" என்றேன்.

"எலிக்கு ஏது சார் பேரு? ஆளு பேரச் சொல்லுங்க."

கீழே ஜீப் காத்திருந்தது. வாயில் வந்த பெயர் ஒன்றைச் சொன்னேன். ஏலக்காட்டுக்குள் போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"அப்பிடி ஆளே இல்லையாம்."

எரிச்சலில் என் பெயரையே சொன்னேன். இம்முறை இரண்டு கட்டு கொண்டுவந்தார்.

"ஒரு கட்டுதானே கேட்டேன்?"

"எலிக்கு ஒண்ணு போதும்." அவர் என் கழுத்தையே பார்த்தார். "இன்னொண்ண நீங்க வச்சுக்கங்க, தம்பி."

அந்தக் கட்டை இன்றுவரை நான் பிரிக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. சவரம் செய்யும்போது மட்டும் விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது.