சாமித்தட்டில் ஒரு ருமேனிய அரசர்

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ருமேனியப் பெண் ஊருக்குப் போய் வந்தபோது எனக்கு ஒரு படம் கொண்டுவந்து தந்தாள். கிரீடம் வைத்த ஒரு தகப்பன், நான்கு மகன்மார், ஐந்து தலைக்குப் பின்னாலும் ஒளிவட்டம். தங்கள் நாட்டுப் பழைய அரசர் குடும்பம், இப்போது புனிதர்கள் என்றாள். எனக்கு அது போதும். டேனிஷ் நகரமான பிரெடெரிசியாவில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, ஐந்து நெற்றியிலும் குங்குமப் பொட்டு வைத்தேன். தகப்பனுக்குக் கொஞ்சம் பெரிதாக.

அப்போது எனக்கு இருந்தது ஒரே வேண்டுதல்தான். என் மகன் பட்டாளத்துக்குப் போகக் கூடாது. இங்கே பதினெட்டு வயதானதும் கூப்பிட்டுச் சீட்டு எடுக்க வைப்பார்கள். அவனுக்குப் போகத் தேவையில்லாத விலக்கு எண் வந்தது. நான் மோதகம் அவித்தேன். மோதகம் முடிய முதலே, தானாக விரும்பிச் சேரப் போவதாக அவன் டேனிஷில் அறிவித்தான். யாழ்ப்பாணத்தில் என் அண்ணன் சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால்தான் அப்பா என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார். எத்தனை தரம் சொன்னாலும், அது வேறு இது வேறு என்பதே மகனின் பதில். கணவரோ, “அவன் வளர்ந்த பிள்ளை. விருப்பமெண்டால் போகட்டுமன்,” என்று சொல்லிவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார். நான்கு ஆண்பிள்ளைகளை வைத்திருக்கிறவர் என்னுடைய ஒன்றையும் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று, விளக்கு வைக்கும்போதெல்லாம் அரசரிடம் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை அந்த ருமேனியப் பெண் தேத்தண்ணி குடிக்க வந்தாள். படத்தைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“ஏன் சிவப்பு வைத்திருக்கிறாய்? இரத்தம் மாதிரி இருக்கிறதே,” என்றாள். எங்களுக்குள் பேச்சு டேனிஷில்தான், ஆளுக்கொரு ராகத்தில்.

அதற்குப் பிறகுதான் முழுக் கதையையும் சொன்னாள். முந்நூறு வருடங்களுக்கு முந்தியவர் அந்த அரசர். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்டாராம். தேவாலயங்கள் கட்டினார், புத்தகங்கள் அச்சிட வைத்தார். ஒரு பக்கம் துருக்கிச் சுல்தானுக்குத் திறை கட்டிக்கொண்டு, மறுபக்கம் அந்தச் சுல்தானின் எதிரிகளோடும் இரகசியமாகத் தொடர்பு வைத்துக் காலத்தை ஓட்டியிருக்கிறார். கடைசியில் சுல்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். மதம் மாறினால் உயிர் தப்பலாம் என்றார்களாம். அவர் மாட்டேன் என்றார். அவரை வெட்ட முதல், அவர் கண்முன்னாலேயே மகன்மாரை ஒவ்வொருவராக வெட்டினார்கள். கடைசிப் பையன் சிறுவன். அவன் பயந்து தடுமாறியபோது தகப்பனே அவனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பி வைத்தாராம்.

இத்தனை நாளும் யாரிடம் போய்ப் பிள்ளைக்காகக் கெஞ்சியிருக்கிறேன்!

“இவரெல்லாம் ஒரு தகப்பனா? பிள்ளை பயந்தால், அவர்கள் கேட்கிறதைச் சொல்லிவிட்டு உயிரோடு இரு என்று சொல்ல வேண்டாமா?”

“நீ அப்படித்தான் சொல்லியிருப்பாயா?”

“வேறென்ன சொல்வேன்?”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வடையைப் பிய்த்துத் தட்டில் போட்டாள். பிறகு, அரசரின் மனைவி வருடங்கள் கழித்து அவருடைய எலும்புகளை ஒளித்துக் கொண்டுவந்து, பெயர் பொறிக்காத கல்லின் கீழ் அடக்கம் செய்ததைச் சொன்னாள். அந்த மனைவி படத்தில் இல்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். சிநேகிதி போனதும் படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

மகன் பட்டாள முகாமுக்குப் புறப்பட்ட காலை, ஸ்டேஷன் வரை போனேன். அதுவரை அவனோடு சரியாகக் கதைக்கவில்லை. ரயில் வந்து நின்றது. அவனோடு சேர்ந்த பெடியள் இரண்டு பேர் உள்ளே ஏறி இடம் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினார்கள். அவன் பையைத் தோளில் மாட்டினான், கழற்றினான், திரும்ப மாட்டினான்.

“அம்மா, எனக்குப் பயமா இருக்கு,” என்றான். தமிழில்.

மாதக்கணக்காக நான் காத்திருந்த சொல் அது. வா, வீட்டை போவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பான்.

“பயப்பிடாதை. போ,” என்றேன்.

போனான்.