டயர் தூள் கலந்த நூறு அடி

1992, ஒரு சனிக்கிழமை. மலாய் நாட்டில் இருக்கும் மைத்துனரைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தேன்; காலை ஆறரைக்கு அங்கே ஜார்ஜ் டவுனில் படகு ஏறினேன். தீவிலிருந்து பட்டர்வொர்த் போகக் கட்டணமில்லை. திரும்பி வரத்தான் நாற்பது காசு. இலவசம் என்றதும் எனக்கு ஏக மகிழ்ச்சி. சாலைப் பொறியாளன் என்றாலும் அற்பன்தான்.

அக்கரையில் மணியம் வேனோடு காத்திருந்தார். என் மைத்துனரின் நண்பர். மாக் மண்டினில் பழைய டயர்களுக்குப் புதுப்பட்டை ஒட்டும் பட்டறையில் வேலை. ஒட்டுவதற்கு முன் டயரைச் சுரண்டுவார்கள். அந்த ரப்பர்த் தூளைக் கொட்ட இடமில்லாமல் தவித்தவருக்கு, அதைத் தாரில் கலந்து சாலை போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. சுங்கை பாக்காப் பக்கம், தான் பிறந்த தோட்டத்தின் மண்பாதையில் நூறு அடி போட்டுக்காட்ட அனுமதி வாங்கி, பார்க்க என்னையும் அழைத்திருந்தார். திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். தேறினால் பாதை முழுவதற்கும் தார். தேறாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழையபடி சேறுதான்.

ஒன்பது மணிக்குத் தார்ப் பீப்பாயின் அடியில் நெருப்பு எரிந்தது. தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் தூளைக் கொட்டிக் கிளறினார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். புகையைப் பார்த்ததும் என் உத்தியோக மிடுக்கு தலைதூக்கியது.

“தார் கருகுது. நெருப்பைக் குறைச்சிட்டு எடுத்துக் கொட்டுங்க.”

“இல்ல சார், தூள் உப்பித் தாரோட சேரணும் லா. முக்கா மணி நேரமாவது வேகணும். பட்டறையில நாலு தடவ செஞ்சு பாத்துட்டேன்” என்றார் மணியம், பேச்சோடு ‘லா’ ஒட்டிக்கொள்ளும் அந்த ஊர் வழக்கில்.

“பதினெட்டு வருஷமா ரோடு போடறேன். எனக்கே சொல்றீங்களா?”

எட்டுப் பேர் முன்னால் இப்படிக் கேட்டேன். தூள் கலந்த தாரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மணியம் தயங்கினார். விருந்தாளியின் பேச்சைப் பலர் முன் தட்ட அவருக்கு வராது. “சார் இஞ்சினியர் லா, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எரிகட்டைகளை வெளியே இழுத்தார்.

மதியம் உருளை ஓடி முடிந்தபோது சாலை பளபளவென்றிருந்தது. தோட்டத்தில் கோழிக் குழம்போடு சாப்பாடு. முதல் இலை எனக்குத்தான்.

திங்கட்கிழமை, பத்து மணி. இடையில் ஒரு நல்ல மழை. தோட்டத்து லாரி நாலைந்து நடை போயிருந்தது. அதிகாரி பூட்ஸ் முனையால் தட்டினார். ஜல்லி பொரிகடலை மாதிரி உதிர்ந்தது. வேகாத தூள் தனியாக விரலில் ஒட்டியது.

“இந்தப் பக்குவத்தில் எடுக்கச் சொன்னது யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மணியம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நான்தான் சார்” என்றார்.

அவசரப்படுத்தியது நான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இன்னொரு நூறு அடிக்கு வழி பிறந்திருக்கும். நான் குனிந்து செருப்பில் ஒட்டிய தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதிகாரி “இது தேறாது, போதும்” என்று ஃபைலை மூடிவிட்டுப் போனார்.

செவ்வாய் மாலை விமான நிலையத்துக்கும் மணியமே வேனில் கொண்டுவந்து விட்டார். ஒரு பால்மாவு டின்னை நீட்டினார். உள்ளே ரப்பர்த் தூள்.

“உங்க ஊர்ல போட்டுப் பாருங்க சார். நல்லா வேக விடுங்க. சரியா வந்தா ஒரு லெட்டர் போடுங்க லா.”

அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். துளியும் இல்லை.

சோதனை மேசையில் ஒரு பெண் டின்னைத் திறந்து, இது என்ன என்று கேட்டாள். சாலை போட என்றால் விளக்க வேண்டும். விளக்கினால் அந்த நூறு அடியும் கூடவே வரும்.

“குப்பை” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு டின்னைப் பக்கத்துக் கூடையில் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் மணியம் நின்றிருந்தார். பார்த்தாரா என்று தெரியாது. கையசைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.