மேல்காத்து இருபது நாட்

போன சனிக்கிழமை பொன்முடி பஸ்ஸில் ஏறினேன். மலையடியில் இருக்கும் கல்லாறு வரைக்கும்தான் போனேன். டீ குடிக்க பஸ் நின்றது... இறங்கியவன் திரும்ப ஏறவில்லை.

என்னோடு இறங்கிய எஸ்டேட் பெண் ஒருத்தி வானத்தைப் பார்த்துவிட்டுத் துணைக்கு வந்தவளிடம் சொன்னாள் — “மேல்காத்து வந்திட்டு. இனி மழை விடாது.” அவ்வளவுதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

காற்றைப் பற்றிச் சொன்னதற்குப் பஸ்ஸை ஏன் விட வேண்டும்? சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் நான் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். பழைய வாசகர்கள் சிரிக்க வேண்டாம். இன்று ஸ்கூட்டருக்கே பயப்படுகிறவன்தான். கூடப் பழகியவன் சுகுமாரன், ஆற்றிங்கல்காரன். அங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதன்.

ஒரு மார்கழி மாதம் எங்கள் இருவருக்கும் முதல் நைட் நாவிகேஷன். இருட்டில் கொச்சி வரை போய்த் திரும்ப வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் கூட வருவார். ஆனால் வழிக் கணக்கு எங்களுடையது. மத்தியானமே தயாராக ஆரம்பித்தோம். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டினோம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு தெரியாது, அதனால் மேப்பில் கறுப்புப் பென்சில். எந்தக் கலங்கரை விளக்கம் எத்தனை செகண்டுக்கு ஒருமுறை மின்னும் என்று மனப்பாடம் செய்தோம்.

மீதி இருந்தது காற்று. எந்தத் திசை, என்ன வேகம் என்று தெரிந்தால்தான் விமானத்தின் மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்யலாம். வானிலை ஆபீசுக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்த கிளார்க் பாளையங்கோட்டைக்காரர்.

“மேல்காத்து இருவது நாட் தம்பி. ஷீட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கிடுங்க.”

போகவில்லை. வெயில்... சோம்பல். நான் நாஞ்சில் நாட்டுக்காரன். எங்களுக்கு மேல்காத்து என்றால் மேற்கேயிருந்து வரும் காற்று. ஜன்னலில் கடல்காற்றும் அப்படித்தானே அடித்துக்கொண்டிருந்தது? மேற்குக் காற்று, வேகம் இருபது நாட் என்று எழுதிக் கணக்குப் போட்டேன்.

“காற்று எவிடெந்நாடா?” என்றான் சுகுமாரன்.

மேற்கு என்றேன். என் தாளைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டான்.

ஐந்து மணிக்கு இன்ஸ்ட்ரக்டர் முதலில் அவன் தாளைத்தான் வாங்கினார். வானிலை ஷீட் அவர் கையில் இருந்தது. கிளார்க் சொன்னது மேலே, இரண்டாயிரம் அடி உயரத்தில் அடிக்கும் காற்றை. அது வருவது கிழக்கேயிருந்து.

ஸ்கேலை மேப்பில் வைத்தார். இல்லாத மேற்குக் காற்றைச் சமாளிக்க நாங்கள் மூக்கைக் கடல் பக்கம் திருப்புகிறோம். இருக்கிற கிழக்குக் காற்றும் கடல் பக்கமே தள்ளுகிறது. ஒரு மணி நேரத்தில் கொச்சிக்குப் பதில் நாற்பது மைல் கடலுக்குள். அதுவும் இருட்டில்.

“ஆருடெ கணக்காணிது?”

இரண்டு வாரம் முன்புதான் விமானத்தின் இறக்கையை ஹாங்கர் கொட்டகைக் கதவில் இடித்திருந்தான் சுகுமாரன். இன்னொரு தப்பு செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அன்றே அவனிடம் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும்.

சுகுமாரன் என்னைப் பார்த்தான். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

“என்றெ தன்னெ, சார்” — தன்னுடையதுதான் என்றான்.

நான் என்ன செய்தேன்? என் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். கிழக்கு என்று திருத்திக் கணக்கை மாற்றினேன். வந்து நீட்டினேன். “குட்” என்றார். நான் பறந்தேன். சுகுமாரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதற்குப் பிறகு அவனை எந்த விமானத்திலும் ஏற்றவில்லை.

நாம் செய்த பெரிய தப்புகளில் பாதி, வாயே திறக்காமல் செய்தவை — இல்லையா? நானாவது பைலட் ஆனேனா? அடுத்த வருஷமே கண் டாக்டர் நிறுத்திவிட்டார். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சுகுமாரன் இப்போது பொன்முடியில் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். கல்லாற்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி வந்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊரறிய எழுதிவிட்டீர்களே, என்ன தைரியம் என்று யாரும் கடிதம் போடாதீர்கள். சுகுமாரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.